தப்பு என்று சொல்ல ஓர் ஆள்

சியம் ரீப்பில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் ஆங்கிலம் கற்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். எடுத்துக்கொண்டதாகப் பதில் வந்தபோது கூடவே ஒரு கையேடும் வந்தது. முப்பத்தாறு பக்கம். தோள் மூடிய சட்டை, முட்டிக்குக் கீழே இறங்கும் கால்சட்டை, டைபாய்டு ஊசி, ஹெப்படைட்டிஸ் ஊசி, கொசு மருந்து, வெள்ளைப்பலகை மார்க்கர் ஒரு டஜன். பயணக் காப்புறுதிக்கு மட்டும் நான்கு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘தெரிந்துகொள்ள வேண்டிய கெமர் சொற்கள்’ என்று ஒரு பெட்டி. உள்ளே இரண்டே சொற்கள்தான். சூஸ்தை, ஒர்குன். வணக்கம், நன்றி.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு டியூஷன் செண்டரில் ஐந்து வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பில் நான் அதிகம் கேட்கும் சொற்கள் வணக்கமும் நன்றியும் இல்லை. ‘சார், புரியல.’ ‘சார், போர்டுல தப்பா எழுதிட்டீங்க.’ இந்த இரண்டுக்கும் கையேட்டில் கெமர் சொல் இல்லை. ஆறு மாதம் ஓர் ஊரில் இருக்கப்போகிறவனை ஊரார் வரவேற்பார்கள், அவன் நன்றி சொல்வான், இடையில் வேறெதுவும் நடக்காது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

ஊசிக்குப் பதிவு செய்வதற்கு முன்னால் புத்தகம் வாங்குவது என் வழக்கம். வெளிநாட்டுக்குத் தொண்டாசிரியராகப் போனவர்கள் எழுதிய புத்தகங்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி அலமாரிக்கு வரும். பெரும்பாலானவை ஒரே அச்சு. முதல் அத்தியாயத்தில் பேருந்துப் பயணம், வயிற்றுப்போக்கு. நடுவில் ஏழை மாணவன் ஒருவனின் பிரகாசமான கண்கள். கடைசியில் ‘நான் கற்றுக்கொடுக்கப் போனேன், கற்றுக்கொண்டு திரும்பினேன்.’ இந்தக் கடைசி வாக்கியத்தை ஏதாவது ஒரு வடிவத்தில் பார்த்தால் புத்தகத்தை மூடிவிடலாம். என்ன கற்றுக்கொண்டார், யார் கற்றுக்கொடுத்தார், எந்த நாளில், எந்தச் சொல்லால் என்பதெல்லாம் அதில் இருக்காது.

இந்த வகை எழுத்தைப் படிக்கும்போது நமக்கு, அதாவது மலேசியர்களுக்கு, ஒரு வசதி உண்டு. நாம் அந்த வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். 1962இல் தொடங்கி 1983 வரை அமெரிக்க அமைதிப் படையினர் நாலாயிரம் பேருக்கு மேல் இங்கே வந்து போயிருக்கிறார்கள். பிரிட்டனில் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958இல் தொடங்கியபோது அதன் முதல் தொண்டர்கள் போன இடங்களில் சரவாக்கும் ஒன்று.

என் பெரியப்பா ஃபார்ம் ஒன்னும் டூவும் படித்தபோது அறிவியல் நடத்தியவர் ஓர் அமைதிப் படை ஆசிரியர். கம்போடியா போகிறேன் என்று நான் சொன்னதும் பெரியப்பா கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“எங்க சார் மாதிரியா?”

“எப்படி பெரியப்பா அவரு?”

“நல்ல மனுஷன்டா. சைக்கிள்லதான் வருவாரு. எங்க லயத்துக்கெல்லாம் வந்து சாப்பிட்டிருக்காரு. தவளைய அறுத்துக் காட்டுனது அவருதான். ஆனா என் பேரச் சொல்ல வராது. முனியாண்டிய மூனின்னு கூப்பிடுவாரு.”

“நீங்க திருத்தலையா?”

“வெள்ளைக்காரன்கிட்ட எவன்டா போயி தப்புன்னு சொல்லுவான்?”

இரண்டு வருடம் மூனி. அவருடைய பள்ளிக்கூட நண்பர்கள் எழுபது வயதிலும் அவரை மூனி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இது எனக்குத் தெரியாமல் போனது ஆச்சரியம்தான். வீட்டுக்கு வரும் அங்கிள்கள் ஏதோ சீனப் பட்டப்பெயர் சொல்கிறார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்த ஆசிரியர் ஒப்பந்தம் முடிந்ததும் போய்விட்டார். அடுத்த அறிவியல் ஆசிரியர் வர ஐந்து மாதம் ஆனது. “பாடம் பாதியில நின்னுப் போச்சு. அதுக்கு அவரு என்ன பண்ணுவாரு, பாவம்” என்றார் பெரியப்பா. அவருக்குக் கோபமே இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது. அந்த மனிதர் அமெரிக்காவில் எங்கேயோ தன் மலாயா நாட்களைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்தக் கதையில் மூனி என்று ஒரு பையன் வரலாம்.

அப்புறம்தான் பீட்டர் ஹெஸ்லரின் ‘ரிவர் டவுன்’ நூலை எடுத்தேன். 2001இல் வந்த புத்தகம். ஹெஸ்லர் 1996இல் சீனாவின் யாங்சி ஆற்றங்கரையில் ஃபூலிங் என்ற ஊருக்கு அமைதிப் படை ஆசிரியராகப் போகிறார். ஆடம் மையர் என்ற இன்னொரு தொண்டரும் கூட. அங்குள்ள ஆசிரியர் கல்லூரியில் இரண்டு வருடம் ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். மாணவர்கள் பெரும்பாலும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். படித்து முடித்துக் கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள். சீனாவில் ‘அமைதிப் படை’ என்ற பெயர் மாவோ காலத்துப் பிரச்சாரத்தில் கெட்டுப்போயிருந்ததால் அங்கே அவர்கள் ‘அமெரிக்க-சீன நட்புத் தொண்டர்கள்’.

இங்கேயும் பெயர் ஒரு விஷயம்தான். மாணவர்கள் தங்களுக்கு ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள். டெய்சி என்று ஒரு பையன். ஹெஸ்லருக்கு அங்கே ஹோ வெய் என்று ஒரு பெயர். ஆக, பெயர் தப்பாவது இரண்டு பக்கமும் நடக்கிறது. முனியாண்டி மூனியானபோது நடந்தது ஒரு பக்கம் மட்டும்.

இந்தப் புத்தகத்தைப் பலரும் புகழ்வது மூன்று பள்ளத்தாக்கு அணையில் ஒரு பகுதி மூழ்கப்போகும் ஊரை அது பதிவு செய்தது என்பதற்காக. அது சரிதான், நிலக்காட்சி எழுதுவதில் ஹெஸ்லர் கெட்டிக்காரர். ஆனால் நான் இரண்டு தடவை படித்த பகுதி வேறு. ஃபூலிங்கில் அவர் சீனம் கற்றுக்கொள்ள இரண்டு ஆசிரியர்களிடம் போகிறார். அதில் ஒருவர் லியாவ் என்ற பெண். இவர் வாயைத் திறந்தால் அவர் சொல்வது ‘பு துய்’. நம்மூர்ச் சீனக் கடைகளில் கேட்டுப் பழகிய சொல்தான். சரியில்லை, தப்பு. சரியாகச் சொன்னால் பாராட்டு கிடையாது, அடுத்த பாடம். தப்பாகச் சொன்னால் பு துய். எதைச் செய்தாலும் ‘பிரமாதம், நல்ல முயற்சி’ என்று தட்டிக்கொடுக்கும் வகுப்பறைகளில் வளர்ந்தவருக்கு அது செருப்படி மாதிரி விழுகிறது. அந்தச் சொல்லை வெறுக்கிறார். அதே சமயம் அந்தச் சொல்லை வாங்காமல் ஒரு பாடமாவது போகவேண்டும் என்று ராத்திரி உட்கார்ந்து எழுத்து எழுதிப் பழகுகிறார்.

அந்தச் சில பக்கங்களில் அவர் நமக்குத் தெரிந்த ஒரு மனிதர் ஆகிவிடுகிறார். காலையில் வகுப்பில் ஷேக்ஸ்பியர் நடத்தும் ‘வெளிநாட்டு நிபுணர்’, மாலையில் நான்கு வயதுப் பிள்ளை மாதிரி தொனி பிசகித் திட்டு வாங்குகிறார். மொழி கொஞ்சம் வந்த பிறகு இருவரும் அபினிப் போர் பற்றி முறைத்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தகம் சீன நிலைப்பாட்டைச் சொல்கிறது, இவருக்கு அது உறுத்துகிறது, ஆசிரியைக்கு இவருடைய உறுத்தல் உறுத்துகிறது. சண்டை போடும் அளவுக்கு மொழி வந்த பிறகுதான் நட்பும் வருகிறது. அவருடைய இலக்கிய வகுப்பில்கூட நல்ல இடம் என்று எனக்குப் பட்டது, ஷேக்ஸ்பியரின் சானட்டில் வரும் அழகியை வர்ணிக்கச் சொன்னால் மாணவர்கள் அவளை ஒரு சீனத்து அழகியாகவே எழுதிக்கொண்டு வருவதுதான். ஹெஸ்லர் அதைத் திருத்தவில்லை. அவர்களுடைய வாக்கியங்களை அவர்கள் எழுதிய ஆங்கிலத்திலேயே புத்தகத்தில் விட்டிருக்கிறார். பிரகாசமான கண்கள் பற்றி எதுவும் இல்லை. எழுத்துதான் இருக்கிறது.

எனக்குக் குறையும் உண்டு. அதே கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய சீன ஆசிரியர்கள் இந்தப் புத்தகத்தில் தூரத்திலேயே நிற்கிறார்கள். வெளிநாட்டுக்காரரோடு நெருங்குவது அவர்களுக்கு ஆபத்து என்பது காரணமாக இருக்கலாம். இருந்தாலும், அமெரிக்கர் வந்து இலக்கியம் நடத்தினால் பக்கத்து வகுப்பில் அதே பாடம் நடத்துகிறவருக்கு எப்படி இருந்திருக்கும்? நானும் டியூஷன் வாத்தியார் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு முதலில் வருகிறது.

இதைப் படித்து முடித்தபோது கணக்கு சுலபமாகத் தெரிந்தது. மொழி கற்றுக்கொள், தப்பு என்று சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொள், பிறகு போ. வரிசையில் அடுத்ததாக பால் தெரூ இல்லாமலிருந்தால் இந்தக் கட்டுரையை அங்கேயே முடித்திருப்பேன்.

தெரூ 1963இல் அமைதிப் படை ஆசிரியராக மலாவிக்குப் போனவர், 1965இல் அந்த நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பிறகு உகாண்டா, அதற்குப் பிறகு 1968 முதல் 1971 வரை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம். 2012இல் வந்த ‘தி லோயர் ரிவர்’ நாவலின் நாயகன் எல்லிஸ் ஹாக், மாசசூசெட்ஸில் ஆண்கள் துணிக்கடை வைத்திருந்தவன். கடை மூடியாகிவிட்டது, மனைவியும் பிரிந்துவிட்டாள். நாற்பது வருடத்துக்கு முன் மலாவியில் தொண்டாசிரியனாக இருந்த மலபோ என்ற கிராமம்தான் வாழ்க்கையில் தான் நிம்மதியாக இருந்த ஒரே இடம் என்று நினைத்துத் திரும்பிப் போகிறான். அவன் கட்டிய பள்ளிக்கூடம் இடிந்து கிடக்கிறது. கிராமம் அவனை வரவேற்கிறது, பாராட்டுகிறது, தலைவர் என்கிறது, கையிலிருக்கும் பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கிறது, வெளியே போக விடமாட்டேன் என்கிறது.

ஹாக்குக்கு அந்த ஊரின் மொழியான சேனா தெரியும். நன்றாகவே தெரியும். என் சுலபக் கணக்கு இடறியது இங்கேதான். மொழி தெரிந்தும் அவனிடம் ஒருவரும் தப்பு என்று சொல்வதில்லை. ஊர்த் தலைவன் மன்யெங்கா வாயெடுத்தால் புகழ்ச்சிதான். ‘நீ இங்கே வந்ததே தப்பு’ என்று சொன்னால் பணம் நின்றுவிடும்.

ஃபூலிங்கோடு இதை வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. லியாவ் ஆசிரியையால் பு துய் சொல்ல முடிந்ததற்கு அவருடைய கண்டிப்பு மட்டும் காரணமில்லை. அவருக்குப் பின்னால் ஒரு நாடு இருந்தது. மாணவர்கள் போடவிருந்த ‘டான் கிஹோட்டே’ நாடகத்தில் அரசியல் கிண்டல் வந்துவிட்டது என்று நிறுத்தச் சொல்லக் கல்லூரிக்கு அதிகாரம் இருந்தது. அது நல்ல அதிகாரமா என்பது வேறு விவாதம், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் விருந்தாளியிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் அந்த இடத்துக்கு இருந்தது. மலபோவுக்கு இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துப் பெரியப்பாவுக்கும் இல்லை.

நாவலாக ‘தி லோயர் ரிவர்’ எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. பாதிக்குமேல் அது ஒரு சிறைக்கதையின் விறுவிறுப்புக்கு மாறிவிடுகிறது. கிராமத்து மனிதர்கள் அச்சமூட்டும் பின்னணி ஆகிவிடுகிறார்கள். ஸிஸி என்ற பெண்ணைத் தவிர யாருக்கும் உள்ளே ஒரு மனசு இருப்பதாகத் தெரூ காட்ட மெனக்கெடவில்லை. 1967இல் ‘டார்சன் ஒரு எக்ஸ்பேட்ரியேட்’ என்று கட்டுரை எழுதி ஆப்பிரிக்காவில் வாழ்ந்த வெள்ளையர்களை டார்சன்கள் என்று கிழித்தவர் அவர். அவர் நாவலிலேயே காடும் பயமும் இப்படித் திரும்பி வந்து நிற்பது வேடிக்கை. ஆனாலும் தொண்டாசிரியராகப் போகிற எவர் கையிலும் கையேட்டுக்குப் பதில் இதைக் கொடுக்கலாம்.

நடுவில் ஜேமி ஸெப்பாவின் ‘பியாண்ட் தி ஸ்கை அண்ட் தி எர்த்’ நூலையும் படித்தேன். கனடாவிலிருந்து 1989இல் பூட்டானுக்குக் கற்பிக்கப் போனவர். எலியும் மழையும் தனிமையுமாக முதல் நூறு பக்கம் நன்றாகவே போகிறது. பிறகு கல்லூரியில், பூட்டானின் தெற்கிலிருந்து வந்த நேபாளி மொழி பேசும் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே விரிசல் விழுவதை அவர் பார்க்கிறார். தேசிய உடை கட்டாயம். பிறகு கைதுகள். இவருக்கு இரண்டு பக்கத்திலும் மாணவர்கள். யார் சொல்வது சரி என்று இவரால் முடிவுக்கு வரமுடியவில்லை, அதை ஒளிக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காகப் படிக்கலாம். ஆனால் கதை சீக்கிரமே காதலின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பூட்டானிலிருந்து ஒரு லட்சம் பேர் அளவில் நேபாள முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தார்கள் என்று தெரிந்த வாசகருக்கு அந்தச் சாய்வு சங்கடமாகத்தான் இருக்கும்.

இந்தப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே ஒரு மனிதர் போகிறவர்களின் முகத்துக்கு நேராகத் ‘தப்பு’ சொல்லிவிட்டார். 1968 ஏப்ரல் 20, மெக்சிகோவின் குவெர்னவாகா. கோடை விடுமுறையில் மெக்சிகோ கிராமங்களுக்குத் தொண்டு செய்யப் போகும் அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில் இவான் இலிச் பேசினார். வியன்னாவில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். ‘உங்கள் நல்லெண்ணம் நாசமாகப் போகட்டும்’ என்று தமிழில் சொல்லலாம், உரையின் தலைப்பு அந்தக் காரத்தில்தான் இருக்கும். பேச்சின் சாரம் இது: நீங்கள் நல்லவர்கள், அதுதான் பிரச்சினை. உங்கள் மொழி தெரியாத, உங்களை விரட்ட முடியாத மனிதர்களிடம் போய் நல்லது செய்கிறீர்கள். தொண்டு செய்தே ஆகவேண்டும் என்றால் உங்கள் ஊர் ஏழைகளிடம் போங்கள். நீங்கள் செய்வது பிடிக்காவிட்டால் ‘போடா’ என்று உங்கள் மொழியிலேயே சொல்வார்கள், உங்களுக்கும் அது புரியும். மெக்சிகோவுக்கு வாருங்கள், சுற்றிப் பாருங்கள், மலை ஏறுங்கள், படியுங்கள். உதவ மட்டும் வராதீர்கள்.

முதல் தடவை படித்தபோது எரிச்சலாக இருந்தது. சொல்கிறவரும் வெளியிலிருந்து வந்தவர்தானே? மெக்சிகோ விவசாயி சார்பில் பேச இவரை யார் அனுப்பினார்கள்? அந்த எரிச்சல் இப்போதும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இலிச் குவெர்னவாகாவில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரிந்தபோது உரை வேறு மாதிரி கேட்டது. லத்தீன் அமெரிக்காவுக்கு வரும் பாதிரிகளுக்கும் தொண்டர்களுக்கும் தீவிரமாக ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கும் மையம் நடத்திக்கொண்டிருந்தார். வராதே என்று சொன்னவரின் வாசலில் மொழி வகுப்பு. ‘போடா’ காதில் விழவேண்டுமென்றால் முதலில் அந்த மொழி வேண்டுமே.

அவர் பேசியது அமெரிக்க வெள்ளை மாணவர்களிடம், நமக்கென்ன என்று தாண்டிப் போகலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் மூனியின் தம்பி மகன், நான் எப்படி அந்தப் பட்டியலில் வருவேன்? அப்போதுதான் தாமான் கோயிலில் ஓர் அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். “கம்போடியாவா? தாராளமா போங்க தம்பி. அவங்களுக்கு எழுத்து கொடுத்ததே நம்ம பல்லவன்தான் லா. அங்கோர் வாட் யாரு கட்டுனது?”

கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது உண்மை. ‘க்ரு’ என்றால் ஆசிரியர், குருவிலிருந்து வந்த சொல்தான். ஆண் ஆசிரியரை ‘லோக் க்ரு’ என்பார்கள். இதை முதலில் படித்த அன்று எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, மறைக்கவில்லை. ஆனால் அங்கோர் வாட்டைக் கட்டியவர்கள் கெமர்கள். கடாரம் கொண்டான் என்று பேனர் அடிக்கும் மனநிலையோடு, பூஜாங் பள்ளத்தாக்குக்குப் பக்கத்து ஊரிலிருந்து கிளம்பி, சியம் ரீப் வகுப்பறைக்குள் நுழைகிறவனுக்கு வெள்ளைத் தோல் தேவையில்லை. உதவ வந்தவனின் மமதை அவனிடமும் இருக்கிறது, தமிழில் இருக்கிறது, அவ்வளவுதான். இலிச் நமக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறார்.

இதற்குப் பிறகு நான் அந்த அமைப்புக்கு ஒரு மின்னஞ்சல் போட்டேன். எனக்கு முன்னால் அந்த வகுப்பை நடத்தியவர் யார், நான் வந்தால் அவர் என்ன செய்வார்? பதில் உற்சாகமாக வந்தது. உள்ளூர் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனிதர், நான் இருக்கும் மாதங்களில் அவர் எனக்கு உதவியாளராக வகுப்பின் பின்னால் இருப்பார், எனக்கு எந்தச் சிரமமும் இருக்காது. நான் கட்டும் பங்கேற்புக் கட்டணத்தில் ஒரு பகுதி பள்ளிக்குப் போகும் என்றும் அதே மின்னஞ்சலில் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தேன். நான் போர்டில் தப்பாக எழுதினால், என் கட்டணம் சேரும் பள்ளியில் சம்பளம் வாங்கும் அந்த மனிதர் பின்பெஞ்சிலிருந்து கையைத் தூக்குவாரா?

நான் உதவியாளராகப் பின்னால் உட்காருகிறேன், வகுப்பை அவரே நடத்தட்டும் என்று திருப்பி எழுதினேன். ‘தொண்டர் அனுபவம்’ அப்படி வடிவமைக்கப்படவில்லை என்று பதில் வந்தது. பேசிப் பார்க்கிறோம் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். மே மாதப் பயணத்தை ஜனவரிக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். டைபாய்டு ஊசி போட்டாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் பெரியப்பா, “ஊசி மூணு வருஷம் தாங்கும்டா, அவசரப்படாத” என்றார்.

இதற்கிடையில் கோலாலம்பூரில் படிக்கும் கம்போடிய மாணவி ஒருவர் வாரம் இரண்டு நாள் இணையத்தில் எனக்குக் கெமர் சொல்லித் தருகிறார். மணிக்கு முப்பது ரிங்கிட். அவர் சாம் இனத்தவர். வீட்டில் பேசியது சாம் மொழி, கெமரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அதனால் எங்கே இடறும் என்று அவருக்குத் தெரிகிறது. உயிரொலிகள்தான் உயிரை எடுக்கின்றன. தமிழில் நெடில் குறில் பார்த்துப் பழகிய நாக்கு, கெமரின் அத்தனை உயிரொலிகளுக்கு முன்னால் முழிக்கிறது. மூன்றாவது வகுப்பில், புரியவில்லை என்பதற்குச் சொல் கேட்டேன். ‘ஒத் யோல்’ என்றார். தப்பு என்பதற்கு? ‘கொஹ்.’ நான் திருப்பிச் சொன்னேன். அவர் திரையில் தலையை ஆட்டினார்.

“கொஹ்.”

நான் சொன்னது தப்பு என்கிறாரா, அல்லது சரியான உச்சரிப்பைக் காட்டுகிறாரா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னேன். அவர் மறுபடி தலையை ஆட்டினார்.